அலியாருக்கு வைத்த பங்கு

போன மாதம் றிஸ்னா வீட்டுக்கு வந்தாள். கிளினிக்கில் என்னோடு வேலை செய்த கடைசித் தாதிகளில் ஒருத்தி; இப்போது அதே கிளினிக்குக்குப் பொறுப்பாக இருக்கிறாள். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் முகத்தில் ஒரு கெஞ்சலுமாக வந்தாள். பிஸ்கட்டைக் கண்டதுமே இது சும்மா வந்த வரவு அல்ல என்று எனக்கு விளங்கிவிட்டது.

"மிஸ், திரும்பவும் ஒரு மருந்துச் சோதனை வருது. இதுவும் நாரி நோவுக்குத்தான். புது டொக்டர், நல்ல மனுசன். ஆக்கள் சேரப் பயப்படுறாங்க. கரையில உங்கட சொல்லுக்கு ஒரு மதிப்பு இருக்கு. ஒருக்கா வந்து கதைச்சுத் தந்தீங்க எண்டாப் போதும்."

"வரமாட்டன் புள்ள" என்றேன். ஏன் என்று கேட்டாள். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னேன், ஆனால் முழுவதையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாசிக்கட்டும். டொக்டர்மார் வாசிப்பார்கள் என்ற நப்பாசை எனக்கு இல்லை.

நான் தாதியானது எங்கள் தெருவில் ஒரு வழக்குப் போல நடந்தது. பெண்பிள்ளையை ஆஸ்பத்திரி வேலைக்கு விடுவதா என்று வாப்பாவிடம் கேட்காதவர் இல்லை. வாப்பா எல்லாருக்கும் "ஓம், போகப் போறா" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத் தன் கடை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் படித்தேன். மலைநாட்டில் கொஞ்சக் காலம் குளிரில் நடுங்கினேன். மிச்சக் காலம் முழுக்க இந்தக் கரையோரத்து ஆஸ்பத்திரிகள்தான். சண்டைக் காலத்தில் பார்த்ததையும் கடல் ஊருக்குள் வந்த வாரத்தில் பார்த்ததையும் எழுதப் போவதில்லை. அவற்றை நினைத்தால் துக்கம் வரும், கசப்பு வராது. கசப்பு வந்தது சேவையின் கடைசி வருடங்களில், புதிதாகப் பெயின்ட் அடித்து விசிறி பூட்டிய ஒரு கிளினிக் அறையில்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே வந்த வைத்திய நிபுணரை டொக்டர் நஸ்மி என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றிக் கெட்டதாக எழுத நினைத்தால் பேனா முதலில் நல்லதைத்தான் எழுதுகிறது, அதுவும் ஒரு எரிச்சல். குரலை உயர்த்த மாட்டார். ஒவ்வொரு நோயாளியையும் தொடுவதற்கு முன்னால் அந்த ஆள் பார்க்கும்படியாகக் கை கழுவுவார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புற வைப்பார். உங்களுக்காக நேரம் பார்க்க மாட்டேன் என்று வாயால் சொல்லாமல் சொல்லும் வேலை அது. சனம் அதிலேயே பாதி சுகமாகிவிடும்.

இடுப்புக்குப் பின்னால் நாரியிலிருந்து பிட்டி வழியாகக் குதிகால் வரைக்கும் மின்சாரம் அடித்த மாதிரி இழுக்கிறது என்று வருகிறவர்கள்தான் எங்கள் கிளினிக்கில் அதிகம். சியாட்டிக்கா என்று துண்டுச்சீட்டில் எழுதுவோம். வயலில் குனிந்தே கிடந்தவர்கள், நெசவுத் தறியில் இருந்தவர்கள், சீமெந்து மூட்டை தூக்கியவர்கள், வலை இழுக்கிறவர்கள். டொக்டர் நஸ்மி அவர்களைப் பரிசோதிக்கிற விதத்தை நான் இன்றைக்கும் ஒரு படம் மாதிரி சொல்லித் தருவேன். ஆளை மல்லாக்கப் படுக்க வைப்பார். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்கால் மடியாமல், அவசரமில்லாமல் காலை உயர்த்துவார். அவருடைய கண் காலில் இருக்காது, நோயாளியின் முகத்தில் இருக்கும். முகம் சுளித்த இடத்தில் கையை நிறுத்தி, "எங்க மட்டும் இழுக்குது?" என்று கேட்பார். நோயாளி விரலால் காட்டுவார். காலைக் கொஞ்சம் இறக்கி, பாதத்தை மட்டும் முகம் பக்கமாக வளைப்பார். திரும்பவும் இழுத்தால் அது நரம்பு நோவு. வேலைக்கு லீவு எடுக்க வந்து நடிக்கிறவர்களுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. கட்டிலில் நிமிர்ந்து இருக்கச் சொல்லி, பிள்ளைகளின் படிப்பை விசாரித்தபடியே, "காலை ஒருக்கா நீட்டுங்க, பாதத்தைப் பாப்பம்" என்பார். படுத்தபோது ஒரு சாண் உயராத கால் இப்போது தங்குதடையில்லாமல் நீளும். அவர் கோபிக்க மாட்டார். சிரித்துக்கொண்டே துண்டை எழுதிக் கொடுப்பார்.

இந்த மனிதர்தான் ஒரு நாள், "மிஸ், நாங்க ஒரு சோதனை செய்வம்" என்றார்.

சோதிக்க வேண்டிய விசயம்தான், அதில் எனக்கு இப்போதும் மறுப்பில்லை. எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிகளில் நாரி நோவு என்று போனால் கடதாசியில் சுற்றிச் சின்ன வெள்ளைக் குளிசை ஒன்றைத் தருவார்கள். ஸ்டெரொயிட். பெயர் சொல்ல மாட்டார்கள். ஆள் ரெண்டு நாளில் துள்ளிக் குதிப்பான், பசிக்கும், தூக்கம் வராது. தொடர்ந்து விழுங்கினால் முகம் வட்டமாகும், பிரசர் கூடும், சீனி கூடும். ஆனால் நோவு குறைந்தது அந்தக் குளிசையாலா, அல்லது தானாகவே குறைகிற காலம் வந்ததாலா என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சியாட்டிக்கா பலருக்குத் தானாகவும் போகிற வருத்தம். அதனால்தான் சோதனை. பாதிப்பேருக்கு உண்மையான குளிசை, பாதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாக்குளிசை. முதல் நாட்களில் கூடுதலாக விழுங்கி, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். எந்தப் போத்தலில் எது என்று டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குளிசை செய்து அனுப்பிய கொழும்புக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

இதைச் சனத்துக்கு விளக்குவது என் வேலை. விளக்குவேன். விளங்கியதா என்று கேட்பேன். விளங்கிய மாதிரித் தலையாட்டுவார்கள். அப்படி ஒரு நாள் நான் சொல்லி முடித்ததும், நோவோடு வந்திருந்த காதர் காக்கா கேட்டார்; காக்கா என்றால் எங்களில் அண்ணன்.

"எங்களுக்கும் தெரியா, உங்களுக்கும் தெரியா, டொக்டருக்கும் தெரியா. அப்ப ஆருக்குத்தான் மிஸ் தெரியும்?"

"கொழும்புக்கு" என்றேன்.

"அப்ப அல்லாஹ்வுக்கும் கொழும்புக்கும் மட்டும்" என்றார். அறையே சிரித்தது. டொக்டர் நஸ்மியும் சிரித்தார்.

காதர் காக்கா ஒரு கரைவலையின் தலைவர். கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோணி வலையைக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். கையால் மட்டும் இழுத்து அந்தப் பாரம் வராது. இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டி, அதைக் கயிற்றில் கொளுவி, பின்பக்கமாகச் சாய்ந்து மணலில் காலை ஊன்றி இழுப்பார்கள். பாரம் முழுக்க நாரிக்குத்தான். அந்த வலையிலிருந்து மட்டும் ஐந்து பேர் ஒரே முச்சக்கரவண்டியில் அடைந்துகொண்டு எங்களிடம் வந்தார்கள். நாலு பேரைச் சேர்த்தோம். ஐந்தாவது ஆள் அலியார். காதர் காக்காவின் சிறுவயதுக் கூட்டாளி, ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அலியாருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. சீனி உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்.

டொக்டர் நஸ்மி துண்டைப் பார்த்துவிட்டு, "இவரை எடுக்க ஏலா. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க மிஸ்" என்றார். அலியார் ஏன் என்று கேட்க வாயெடுத்தார். டொக்டர் அதற்குள் கை கழுவப் போய்விட்டார். சேர்ந்தவர்களுக்கு விளக்கம் சொல்ல நேரம் ஒதுக்கியிருந்தோம், சேராதவர்களுக்கு ஒதுக்கவில்லை. நான்தான் அலியார் காக்காவை வாசல் வரைக்கும் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"இந்தக் குளிசை சீனியைக் கூட்டிப் போடும் காக்கா. எங்க கண்டாலும், ஆர் தந்தாலும் வாங்கப்படா."

"ஓம் மிஸ்" என்றார். முகம் வாடியிருந்தது. மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு போத்தலோடு வெளியே வந்ததை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. நாலு பேரும் சொன்ன நாளில் வந்தார்கள். நோவு எப்படி, நடை எப்படி, குனிந்து செருப்புப் போட ஏலுமா என்று கேட்போம். நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முழுக்கப் போகவில்லை. டொக்டருக்கு அது புதினமாக இருந்தது. "நாலு பேரும் ஒரே மாதிரிப் போறாங்க" என்றார். எனக்கும் புதினமாகத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அலியாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடற்கரையில் மட்டி குத்திய சின்னக் காயம் குதிகாலில் பெருத்து, விரல் வரைக்கும் கறுத்திருந்தது. மணம் வாசலுக்கு வந்தது. குத்திப் பார்த்தபோது சீனி அளக்கும் மெசின் எண்ணைக் காட்டாமல், உச்சத்துக்கு மேலே என்று மட்டும் காட்டியது. மாதக் கணக்காக ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்த மனிதர். காலைப் பிடித்தபடி நின்ற காதர் காக்காவிடம், "என்ன நடந்த? என்னத்தத் திண்டவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல மிஸ். எல்லாரும் திண்ட குளிசைதான்."

"எந்தக் குளிசை?"

"நீங்க தந்ததுதான். நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தன்ட போத்தல்ல மருந்து, மத்தவன்ட போத்தல்ல மா எண்டு. ஒரே வலையில நிக்கிற ஆக்கள் நாங்க. ஒருத்தன் சொகமாகிப் போக, மத்தவன் நோவோட இழுக்கிறதா? அது எங்களுக்குச் சரிவராது. கரையில எங்கட வாடிக் கொட்டில்ல சாக்கை விரிச்சு நாலு போத்தலையும் கொட்டினம். கலந்தம். மறுகா அஞ்சு பங்கு வச்சம்."

"அஞ்சு எப்பிடி? நாலு பேர்தானே."

"அலியாருக்கு வைக்காம எப்பிடி மிஸ்?"

அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஏதாவது இருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை. மீன் பட்டால் கரையில் குவியல் குவியலாகப் பங்கு வைப்பார்கள். வருத்தத்தில் படுத்துக் கிடக்கிறவனுக்கும் அவனுடைய பங்கு இருக்கும். வலை வழக்கில் ஒருவனுக்குப் பங்கு வைக்கவில்லை என்றால் அவனை வலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வைத்த பங்கை ஒருவன் எடுக்கவில்லை என்றால் அவன் வலையை விட்டுப் போகிறான் என்று அர்த்தம். நாங்கள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஐந்து பேரில் நாலு பேருக்குக் கொடுத்து ஒருவரைத் திருப்பி அனுப்பியிருந்தோம். அதுவும் ஆளுக்கு ஆள் வித்தியாசமாகக் கொடுத்திருந்தோம். அவர்கள் அதைத் தங்களுடைய நியாயப்படி நேராக்கியிருந்தார்கள்.

கட்டிலில் கிடந்த அலியார் என்னைப் பார்த்துச் சொன்னார். "மிஸ் வேணாமெண்டு சொன்னவங்கதான் எண்டு நான் சொன்னன். இவன், ஒரு குளிசைதானே மச்சான் எண்டான். பங்கு வச்சாச்சு. எடுக்காம விட ஏலுமா?"

நான் டொக்டர் நஸ்மியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு மேசையில் கிடந்த கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார்.

"அந்த நாலு பேரையும் சோதனையில இருந்து நிப்பாட்டுங்க. மருந்தை ஒழுங்கா எடுக்கல்ல எண்டு எழுதுங்க."

"அலியார் காக்காட விசயம் சேர்?"

"வாட்டில சேர்த்து இன்சுலின் தொடங்குவம். சேர்ஜனுக்குச் சொல்லுறன்."

"அது சரி சேர். அந்தப் போத்தல்கள்ல மருந்து இருந்ததா எண்டு கொழும்புக்கு ஒரு கோல் எடுத்துக் கேக்கலாமே. அவசரம் எண்டாச் சொல்லுவாங்க எண்டு நீங்கதான் எங்களுக்குப் படிச்சுத் தந்தீங்க."

அவர் வழமையான மெல்லிய குரலில்தான் சொன்னார். "அவசரம் எங்கட சோதனையில இருக்கிற ஆளுக்கு வந்தாக் கேக்கலாம் மிஸ். அந்த நாலு பேருக்கும் ஒண்டுமில்ல. இவருக்கு வந்திருக்கு, ஆனா இவர் எங்கட ஆள் இல்லையே."

குறை சொல்ல இடமில்லாத பதில். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார், நானும் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அந்தக் கதவை அன்றைக்கு அடித்துச் சாத்தியிருக்கலாம் என்று இப்போதும் கை துருதுருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். வாட்டில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். குளிசையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த சின்ன டொக்டர் ஒருவர் அலியாரின் மனைவியிடம், பெருநாளைக்கு இனிப்பு ஏதும் கொடுத்தீர்களா என்று விசாரித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசி. வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி கொடுத்தேன் என்றா. அந்த ஒரு கரண்டி வாட்டிலிருந்து இறங்கித் தெருவெல்லாம் போனது. புருசனின் வாயைக் கட்டத் தெரியாமல் காலைத் தின்னக் கொடுத்தவள் என்று சொந்தக்காரப் பெண்களே கதைத்தார்கள். நான் அவவைத் தனியே கூட்டிப்போய், "உங்கட கரண்டியால இவ்வளவு வராது. குளிசையும் காரணமா இருக்கலாம்" என்றேன்.

"நீங்க சொல்லி என்ன மிஸ்? டொக்டர் சொல்லட்டும், எல்லாரும் இருக்கக்குள்ள" என்றா.

டொக்டர் சொல்லவில்லை.

காதர் காக்கா என்னைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். கிளினிக் முடிந்து நான் வெளியே வரும்வரை மதிலோரம் காத்து நின்றார். உள்ளே வந்து கதைக்கச் சொன்னேன். வரவில்லை.

"மிஸ், எனக்கு ஒரு சொல்லுத்தான் வேணும். அது மருந்தா, மாவா?"

"தெரியாது காக்கா."

"கேட்டுச் சொல்லுங்க. நாலு போத்தலும் மா எண்டா, அவன்ட கால் போனது அவன்ட நசீபு, அல்லாஹ் எழுதினது. நான் போய்ப் பக்கத்தில இருப்பன். மருந்து இருந்தா, நான்தான் அவன்ட கையில வச்சவன். அப்ப மாப்புக் கேக்கோணும். செஞ்சது இன்ன குத்தம் எண்டு சொல்லித்தானே மாப்புக் கேக்குற? இப்ப நான் என்னத்தச் சொல்லிக் கேக்க?"

"உங்களுக்கு நோவு குறைஞ்சதுதானே" என்று ஏதோ ஆறுதலுக்குச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன்.

"ஓம், குறைஞ்சது. அப்ப மருந்துதான் போல" என்றார். முகம் இருண்டுவிட்டது. மா தின்றாலும் குறையக்கூடிய வருத்தம் இது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடும் என்று அவருக்கு விளக்க முயன்றேன். கடைசியில் கையெடுத்து நிறுத்தினார். "பதில் வந்த பிறகு நானே அவன்ட வீட்டுக்குப் போறன். அதுக்கு முதல் நான் கேட்டதா அவனுக்குச் சொல்லிப் போடாதீங்க" என்றார். சரி என்றேன்.

டொக்டர் நஸ்மியிடம் அதற்குப் பிறகும் கேட்டேன். சோதனை முடியட்டும் என்றார். சோதனை முடிந்தது. நோவைப் பொறுத்தவரை மருந்துக்கும் மாவுக்கும் பெரிய வித்தியாசமில்லை, நடமாட்டத்தில் மருந்து தின்றவர்கள் கொஞ்சம் மேல் என்று முடிவு வந்ததாகச் சொன்னார். வெளியூர் மாநாட்டில் வாசித்தார். திரும்பி வந்து எங்களுக்கெல்லாம் கேக் வெட்டினார். கரைவலைக்காரர்களின் போத்தல்கள் என்ன ஆயின என்று கேட்டேன். பிறகு பார்ப்போம் என்றார்.

எனக்குப் பிரியாவிடை வைத்த அன்றைக்கு, மாலை போட்டு, பேச்செல்லாம் முடிந்து, ஆட்கள் புரியாணிப் பக்கம் போன பிறகு, கடைசியாக ஒருமுறை கேட்டேன். இனி நான் அவருக்குக் கீழே வேலை செய்கிறவள் இல்லை. அதனாலோ என்னவோ உண்மையைச் சொன்னார்.

"நான் கொழும்பில கேக்கவே இல்ல மிஸ். நீக்கின ஆக்கள்ட போத்தலைப் பற்றி அவங்களும் சொல்லல்ல. இப்ப அங்க எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்க."

"ஏன் சேர் கேக்கல்ல?"

கையில் கடிகாரம் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டு, மருந்து எண்டு வந்திருந்தா, அது என்ட சோதனையால வந்த கேடு எண்டு நான் எழுத வேண்டி வந்திருக்கும்."

நல்ல மனிதர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. ஆயிரம் கால்களைத் தூக்கிப் பார்த்து, முகம் சுளிக்கும் இடத்தில் கையை நிறுத்திய மனிதர். ஒரு தொலைபேசியைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியது என்னிடமும் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஓய்வுக்குப் பிறகு இடையிடையே அலியார் காக்காவைப் பார்க்கப் போவேன். வெட்டிய காலின் தோலில் புண் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். கரைவலையில் இன்னும் அவருக்குப் பங்கு வைக்கிறார்கள். வலை வளைத்த நாளில் மீன் வீடு தேடி வரும். யாராவது ஒருவர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவார். காதர் காக்கா மட்டும் வந்ததில்லை.

"ஒரு கால் இல்லாதவன்ட முகத்தைப் பாக்க அவனுக்கு ஏன்?" என்று அலியார் ஒரு நாள் சொன்னார். "மீனை அனுப்புறான். அது சும்மா ஏழைக்குப் போடுற சதகா மாதிரி. கூட்டாளி எண்டா வந்திருப்பான்." காதர் காக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காக நான் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

தெரியாது என்பதை ஒரு பதிலாகக் கொண்டுபோக மனமில்லாமல் காதர் காக்காவிடம் போவதை இவ்வளவு காலமும் தள்ளிப்போட்டிருந்தேன்; றிஸ்னா வந்துபோன மறுநாள், இனியும் பொறுத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை. பொழுது ஏற முதல் கடற்கரைக்குப் போனேன். வலை ஏறி, வாடிக்கு முன்னால் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். காதர் காக்கா நன்றாக நரைத்திருந்தார். பிரியாவிடை அன்று டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை, எல்லாம் அழிந்துபோனது, இனி ஒருக்காலும் தெரியவராது.

அவர் மீன் குவியல்களைப் பார்த்தபடி நின்றார். "அப்ப இனிக் கொழும்புக்கும் தெரியா" என்றார்.

"ஓம் காக்கா. இன்னொண்டு. நீங்க ஏன் வாறல்ல எண்டு அவருக்குத் தெரியாது. கால் இல்லாதவனப் பாக்க உங்களுக்கு மனமில்ல எண்டு நெனச்சுக் கிடக்கார்."

"அப்பிடியா நெனச்சான்?"

"அப்பிடித்தான்."

காதர் காக்கா ஓரத்தில் தனியாக இருந்த குவியலை, அலியாரின் பங்கை, ஒரு பன்பையில் அள்ளினார். நனைந்த சாரனோடு நடந்தார். நானும் பின்னால் போனேன், மூச்சு வாங்க.

அலியார் வாசலில் கதிரையில் இருந்தார். காதர் காக்கா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். உட்காரவில்லை. சலாம் சொல்லவும் மறந்துவிட்டார்.

"மச்சான், அந்தக் குளிசை மருந்தா மாவா எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். மருந்தா இருந்தா எனக்கு மாப்புத் தா. மாவா இருந்தாலும் தா."

அலியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய மனைவி கதவடிக்கு வந்து நின்றா.

"பங்கெண்டு வச்சாய், எடுத்துத் திண்டன். அதுக்கு என்ன மாப்பு? இவ்வளவு காலமா என்ட வாசலுக்கு வராமக் கிடந்தாய். அதுக்குக் கேளு."

காதர் காக்கா அதற்குக் கேட்டார். அலியார் உடனே கொடுக்கவில்லை. பையைத் திறந்து பார்த்து, "இண்டைக்கு மீன் சின்னன்" என்றார். பிறகுதான் கொடுத்தார். ரெண்டு பேரும் அழுதார்கள். அலியாரின் மனைவி அழவில்லை. மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது என்னிடம் மட்டும், "எனக்கிட்ட ஆரு மிஸ் மாப்புக் கேக்குற?" என்றா.

வீட்டுக்கு வந்ததும் றிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். வாறன் புள்ள, ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். "உங்கட புது டொக்டர் முதல்ல அலியார் காக்காட வீட்டுக்குப் போகட்டும். அவர்ட பொஞ்சாதிட்ட, உங்கட ஒரு கரண்டியால கால் போகல்ல எண்டு நாலு பேருக்கு முன்னால சொல்லட்டும். சொன்னா, நான் கரை முழுக்க வீடு வீடாப் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

றிஸ்னா நல்ல பிள்ளை, யோசித்துத்தான் கதைப்பாள்.

"அது ஏலாது மிஸ்" என்றாள். "அலியார் காக்கா அந்தச் சோதனையில இருந்த ஆள் இல்லையே."

நான் போனை வைத்துவிட்டேன்.